பத்து மணிக்கு வந்த வழிகாட்டி

எழுபதுகளின் நடுவில் தேவிகுளத்துக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டின் ஆரம்பப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். வயது இருபத்துமூன்று. எங்கள் ஆலய மாதர் சங்கத்தில் கொழுந்து பறிக்கும் பெண்களே அதிகம். எழுதத் தெரிந்தவள் என்பதால் எந்தக் காரியமானாலும் என்னைத்தான் பிடிப்பார்கள். அந்த வருடம் எல்லோருமாக மதுரைக்குப் போய் மஹால் பார்ப்பது என்று முடிவானபோது, ஏற்பாடு முழுவதும் என் தலையில் விழுந்தது.

சங்கத் தலைவி முதல் நாளே வந்து நின்றார். ஐம்பது வயதைத் தாண்டியவர். எதையும் கண்ணால் பார்த்தால்தான் நம்புவார்.

"டிக்கெட்ட மொதல்ல கையில குடுங்க டீச்சர். போன வருசம் கன்னியாகுமரின்னு சொல்லி, வண்டியில எடமில்லன்னு என்னையல்லா எறக்கி விட்டாங்க."

மஹால் டிக்கெட்டை வாசலில்தான் வாங்க வேண்டும் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் நகரவில்லை. கடைசியில் பழைய நோட்டு அட்டைகளைக் கத்தரித்து இருபத்தாறு டிக்கெட் நானே செய்தேன். முத்திரை இருந்தால்தான் டிக்கெட் மாதிரி இருக்கும். பள்ளியில் இருந்தது ஒரே ரப்பர் முத்திரை, வருடக் கடைசியில் மார்க் அட்டையில் குத்துவது. ஆக இருபத்தாறு பேருக்கும் 'தேர்ச்சி' என்று குத்திக் கொடுத்தேன்.

அடுத்தது வழிகாட்டி. மஹால் வாசலில் ஆட்கள் நிற்பார்கள், நல்லவர் கிடைப்பது கஷ்டம், முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். 'வழிகாட்டி அவர்கள், மஹால் வாசல், மதுரை' என்று விலாசம் எழுதி ஒரு கார்டு போட்டேன். மேலே எஸ்டேட் விலாசம், புறப்படும் தேதி. கீழே, 'நாங்கள் இருபத்தாறு பேர். காலை சரியாகப் பத்து மணிக்கு வந்துவிடவும்.' எங்கே வரவேண்டும் என்று எழுதவில்லை. அது தோன்றவே இல்லை.

புறப்படும் நாள் எஸ்டேட்டுக்கு லீவு. விடிவதற்குள் இருபத்தாறு பேரும் புதுச்சேலை கட்டி, புளிச்சோற்றுப் பொட்டலங்களோடு ரோட்டு முக்கில் நின்றோம். போடியிலிருந்து வாடகை பஸ் வரவேண்டும். எட்டு மணிக்குத் தபால்காரர் வந்து, போடிமெட்டுக்குக் கீழே மண் சரிந்து ரோடு அடைபட்டுவிட்டது என்றார். யாரும் வீட்டுக்குப் போகவில்லை. கையில்தான் டிக்கெட் இருக்கிறதே.

பத்து மணிக்கு மேட்டில் ஒரு ஆள் ஏறி வந்தார். காக்கி கோட்டு, காதைச் சுற்றித் துண்டு, கையில் குடை. குளிரில் உதடு வெளுத்திருந்தது. என் கார்டை எடுத்து நீட்டினார்.

"இருபத்தாறு பேரு நீங்கதானம்மா? நேத்து சாயந்தரமே தேவிகுளம் வந்துட்டேன். கரெக்டா பத்து மணி பாத்துக்கங்க."

கார்டின் மேலே இருந்த எஸ்டேட் விலாசத்துக்கே வந்திருக்கிறார். வீட்டிலிருந்தே கூட்டிப்போக ஆள் வரவழைத்திருக்கிறேன் என்று நினைத்துத் தலைவி என்னைப் பெருமையாகப் பார்த்தார்.

ரோடு அடைபட்ட விஷயத்தைச் சொன்னேன். வழிகாட்டி கார்டைத் திரும்பக் கோட்டுப் பைக்குள் பத்திரமாக வைத்தார். பிறகு சொன்னார்: "பதினெட்டு வருசமா காட்டுறேன். எனக்குன்னு லெட்டர் போட்டுக் கூப்பிட்டது நீங்க ஒருத்தர்தான். காட்டாம நான் எறங்கமாட்டேன். இங்க தூணு வச்ச எடம் ஏதாச்சும் இருக்கா?"

தூண் இருந்த இடம் ஃபாக்டரிதான். கொழுந்து வாட்டும் மேல்மாடி நீளமாக இருக்கும், வரிசையாக இரும்புக் கால்கள் நிற்கும். வாட்ச்மேன் "எவிடேக்கா?" என்று மலையாளத்தில் மறித்தார். வழிகாட்டி, "அரண்மனைக்கு" என்று சொல்லிவிட்டு முன்னே நடந்தார். வாட்ச்மேன் வழி விட்டார்.

மாடிப்படியில் டிக்கெட் கிழித்தார். தலைவி மட்டும் கொடுக்கவில்லை.

"கிழிக்கக் கூடாது. நான் பாஸானது இது ஒண்ணுலதான்."

வழிகாட்டி அட்டையை வாங்கிப் படித்தார். கிழிக்காமல் இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

உள்ளே போனதும் அவர் குரலே மாறிவிட்டது. "அண்ணாந்து பாருங்க! இந்தத் தூணைக் கட்டிப்பிடிக்க மூணு ஆளு வேணும்!" இரும்புக் கால் என் மணிக்கட்டைவிடக் கொஞ்சம்தான் பெரிது. ஆனாலும் மூன்று பேர் முன்னால் போய்க் கட்டிப்பிடித்தார்கள். மூன்று தலையும் முட்டிக்கொண்டன. "பத்தலைய்யா, இன்னொரு ஆளு வேணும்போல" என்றாள் ஒருத்தி மூச்சுத்திணற.

"ராசா எங்க உக்காருவாரு?" என்று தலைவி கேட்டார்.

அவர் சுற்றிலும் பார்த்து, கொழுந்து நிறுக்கும் தராசைக் காட்டினார். "இதுதான் சிம்மாசனம்."

"அப்ப ராசாவும் கொழுந்து ஈரம்னு சொல்லி, தண்ணிக்குன்னு எடையில ரெண்டு கிலோ கழிப்பாரோ?"

மாடியே அதிரச் சிரித்தார்கள். அந்த நேரம் பார்த்துப் படியில் பூட்ஸ் சத்தம். எஸ்டேட்டின் சின்ன துரை, உதவி மேனேஜர். வாட்ச்மேன் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். என் வேலை போயிற்று என்றே நினைத்தேன். துரை வாயைத் திறப்பதற்குள் வழிகாட்டி கையை உயர்த்தினார்.

"டிக்கெட் இருக்கா சார்?"

துரை சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். ஏன் பார்த்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"இல்லைன்னா வாசல்ல நின்னு பாருங்க. தொப்பிய எடுத்துருங்க, இது தர்பாரு."

அவர் தொப்பியைக் கழற்றினார். ராணியின் அந்தப்புரம், நடன மண்டபம் என்று இன்னும் முக்கால் மணி நேரம் போயிற்று. துரை அசையாமல் வாசலிலேயே நின்றார். நடுவில் ஒருமுறை, "இது எத்தனாவது நூற்றாண்டு?" என்று கேட்டார். "கேள்வியெல்லாம் கடைசியில" என்று பதில் வந்தது. கடைசியில் அவர் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு காகிதமும் வரவில்லை. தராசில் கழிப்பது மட்டும் எப்போதும் போல நடந்தது.

ரோடு திறக்க மூன்று நாள் ஆயிற்று. அதுவரை வழிகாட்டி பள்ளிக்கூட அறையில் தங்கினார். தொழிலாளர் குடியிருப்பில் லயத்துக்கு லயம் முறைவைத்துச் சோறு வந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் மஹாலைக் காட்டினார். ஃபாக்டரி ஓடும் நாட்களில் பள்ளிக்கூடமே மஹால், கரும்பலகை ராணியின் கண்ணாடி. என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தலைவாரிக்கொண்டு அதன் முன்னால் வரிசையில் நின்றார்கள்.

நான்காம் நாள் காலை அவரை பஸ் ஏற்றிவிடப் போனேன். யாரோ கொடுத்த கம்பளிச் சட்டை, கையில் ஒரு பொட்டலம் டீத்தூள். ஜன்னலோரம் உட்கார்ந்து தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"டீச்சரம்மா, ஒண்ணு கேக்கணும். இந்தத் தேயிலைய எப்படித்தான் செய்யுறாங்க?"

எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. மூன்று நாளாக அவரை ஃபாக்டரியிலும் தோட்டத்திலும் நடத்தியிருக்கிறோம், ஒருவரும் அவருக்கு ஒன்றையும் காட்டவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவசரமாகச் சொல்ல ஆரம்பித்தேன். இரண்டு இலை, ஒரு மொட்டு, நிறுவை, மேல்மாடியில் பரப்பி விடிய விடியக் காற்றில் வாட்டுவது. அவர் தலையாட்டிக் கேட்டார். இலை வாடி முடிவதற்குள் பஸ் புறப்பட்டுவிட்டது.