லைலா சொன்ன அம்போதரங்கம்

லைலாவைப் பற்றி நல்லதாக எழுத எனக்கு மனமில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

இறக்கக்கண்டியில் மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் விற்பவர். நாற்பத்தைந்து வயதில், ஞாயிறுதோறும் பஸ் ஏறித் திருகோணமலைக்கு என் யாப்பு வகுப்புக்கு வருவார்.

அன்று கலிப்பாவின் ஓர் உறுப்பான அம்போதரங்கத்தை விளக்கினேன். அது வடமொழியிலிருந்து வந்த சொல். நீரின் அலை என்று பொருள். அலை கரையை நெருங்க நெருங்கச் சிறுப்பதுபோல அடிகளும் குறுகிக்கொண்டே போவதால் அந்தப் பெயர். இருபது வருடமாக நான் சொல்லிவரும் விளக்கம் இது.

லைலா கையை உயர்த்தினார். "சேர், கரைக்குக் கிட்ட வர வர அலை பெருக்கும். உடைஞ்சு மணல்ல ஏறக்குள்ளதான் சின்னனாகும்."

வகுப்பே திரும்பி அவரை வியப்போடு பார்த்தது. என்னை ஒருநாளும் யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

"உரையாசிரியர்மாருக்குத் தெரியாததோ உங்களுக்குத் தெரியும்?" என்று சீறினேன். அவர் கையை இறக்கிக்கொண்டார்.

மறுநாள் காலை, அவரிடம் பிழை பிடிக்கவென்றே நிலாவெளிக் கரைக்குப் போய் ஒரு மணித்தியாலம் நின்றேன். ஒவ்வோர் அலையும் உயர்ந்து, உடைந்து, மணலில் ஏறிச் சிறுத்து, கடைசியில் வெறும் நுரைக்கோடாகியது. கடலும் அவர் பக்கம்தான்.

அடுத்த ஞாயிறு அவர் சொன்ன விளக்கத்தை என்னுடையதாகவே சொன்னேன். லைலா இருந்த பக்கம் திரும்பவில்லை.

வகுப்பு முடிந்ததும் அவர் கொப்பியை நீட்டினார். "சரியா எழுதியிருக்கிறனா, பாருங்க சேர்."

முழு விளக்கமும் இருந்தது. அதன் கீழே, "இப்படி விளக்கியவர் எங்கள் சேர்" என்றும் எழுதியிருந்தார்.

திருத்த ஒரு பிழைகூட இல்லை. கையெழுத்தும் என்னுடையதைவிட அழகு.