காட்டுமல்லிக்கு உடம்பு சரியில்லை

போன வாரம் கீரை வாங்கப் போய்த் திட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன். எங்கள் தெருமுனையில் கூடை வைத்திருக்கும் அம்மா ஒவ்வொருவருக்கும் நிதானமாகக் கட்டு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. நானே ஒரு தண்டுக்கீரைக் கட்டை எடுத்து ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கம் முழுக்க வெள்ளை வெள்ளையாகச் சின்னக் கொப்புளங்கள், கோலமாவு சிந்தினாற்போல. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. இன்னொரு கட்டை எடுத்தேன். அதில் இன்னும் நிறைய.

“சார், அத வைங்க. நல்ல கட்டா நான் எடுத்துத் தரேன்.”

“இல்லம்மா, இதுவே இருக்கட்டும்.”

“எல்லாரும் நல்லதா பாத்து எடுப்பாங்க. நீங்க என்ன சொத்தையா பொறுக்குறீங்க? வீட்டம்மா திட்டமாட்டாங்களா?”

திட்டினாள். அந்தக் கீரையை நான் சமைக்கவும் விடவில்லை என்பதால் இரண்டு தடவை திட்டினாள்.

எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு காலத்தில் என் வேலையே அதுதான். சம்பளமும் பஸ் சார்ஜும் கொடுத்து, நன்றாக இருக்கும் செடியை விட்டுவிட்டு நோயாளிச் செடியாகப் பார்த்துத் தேடி வா என்று அனுப்பினார்கள். பத்துப் பதினைந்து வருஷம் இருக்கும். தாவரவியல் படித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். அப்போது ஒரு கல்லூரியில், டெல்டாவில் தானாக வளரும் செடிகொடிகளுக்கு வரும் பூஞ்சை நோய்களைக் கணக்கெடுக்க ஆள் தேடினார்கள். நெல்லுக்கு ஒரு நோய் என்றால் ஓடிவர ஆயிரம் பேர் உண்டு. வாய்க்கால் கரையில் கிடக்கும் நொச்சிக்கும் நுணாவுக்கும் என்ன வந்தால் யாருக்கு என்ன? எங்கள் இரண்டு பேருக்குத்தான் கவலை. ஒருவர் தமிழரசி அக்கா, அதே விஷயத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர். இன்னொருவன் நான், அவருக்குப் பை தூக்கியவன். உறவுக்காரர்கள் விசாரித்தால் அப்பா முதலில் “திட்டத்துல இருக்கான்” என்பார். மேற்கொண்டு கேட்டால் “எலை பொறுக்குறான்” என்று முடித்துவிடுவார்.

இப்போதும் நனைந்த செய்தித்தாள் வாசனை மூக்கில் பட்டால் எனக்கு அந்த நாட்கள்தான் நினைவுக்கு வரும். பறித்த இலைகளைச் செய்தித்தாள் நடுவே வைத்து, மேலே கனம் ஏற்றி உலர்த்த வேண்டும். கல்லூரியில் கனம் போதவில்லை என்று நான் வீட்டுக்குக் கொண்டுவந்து என் மெத்தைக்கு அடியில் பரப்பிவிடுவேன். என் உடம்பு ஆராய்ச்சிக்குப் பயன்பட்டது அந்த ஒரு வகையில்தான். முத்துப்பேட்டை அலையாத்தி இலைகள் வந்த வாரம் அறை முழுக்கச் சேற்று நாற்றம். வேதாரண்யம் பக்கத்துத் தாழை மடலை வைத்துவிட்டு, அதன் ஓரத்தில் முள் இருப்பதை மறந்து படுத்த கதையை இங்கே விரிவாகச் சொல்ல முடியாது.

நகப்பூச்சுக் கதையைச் சொல்லலாம். இலைமேல் கரி பூசினாற்போல் படரும் ஒருவகைப் பூஞ்சை இருக்கிறது. அதைச் சுரண்டினால் நொறுங்கிவிடும். நிறமில்லாத நகப்பூச்சை அதன்மேல் தடவிக் காயவிட்டால் சவ்வு மாதிரி உரிந்து வரும். பூஞ்சையும் சிதையாமல் அதோடு வந்துவிடும். அப்படியே கண்ணாடியில் ஒட்டி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்கலாம். அதனால் என் சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, நகப்பூச்சுப் புட்டி எப்போதும் இருக்கும். ஒருநாள் துணி துவைக்கப் போன அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

“யாருப்பா அந்தப் பொண்ணு?”

“பொண்ணு இல்லம்மா, பூஞ்சை. எலைக்குத் தடவுறது.”

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “எந்த சாதியா இருந்தாலும் பரவால்லப்பா. பொய் மட்டும் சொல்லாத.”

என் அம்மாவுக்குள் அவ்வளவு பெரிய சீர்திருத்தவாதி இருந்தது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அந்த அனுமதியைப் பயன்படுத்திக்கொள்ள எனக்குத்தான் பெண் யாரும் இல்லை.

அக்காவின் கல்யாண விவகாரம் வேறு மாதிரி. மாப்பிள்ளை தயார், மண்டபம் தயார். அக்காதான் ஆராய்ச்சி முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தார். கடைசியில் அவருடைய அப்பா கறாராகச் சொல்லிவிட்டார், தை பிறப்பதற்குள் ஆய்வேட்டைக் கொடுத்தால் சரி, இல்லாவிட்டால் படிப்பை மூட்டை கட்டிவிட்டு மணையில் உட்கார வேண்டும் என்று. அக்காவுக்கு மாப்பிள்ளை மேல் வருத்தம் ஒன்றும் இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு யாரும் ஆய்வேட்டைத் தொடவிடமாட்டார்கள் என்று பயந்தார். அவருடைய கூடப்பிறந்த அக்காவுக்கு அப்படித்தான் ஆயிற்றாம். ஏடு அநேகமாக முடிந்துவிட்டது. ஆனால் பேராசிரியர், உருப்படியாகப் புதிதாக ஒன்றாவது வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

அந்தப் புதிது கார்த்திகைக் கடைசியில் கிடைத்தது. பாபநாசத்தில் பஸ்ஸை விட்டிறங்கி வாய்க்கால் கரையோடு நடந்து போனோம். மழை விட்டு, சம்பா பச்சைப்பசேலென்று நின்ற நேரம். மதகை ஒட்டி ஒரு பெரிய புங்கமரம், அதன்மேல் ஏறிய காட்டுமல்லிக் கொடி. கொடியின் இலைகளில் கறுப்புக் கறுப்பாக வட்டப் புள்ளிகள். அக்கா கைலென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு என் தோளைப் பிடித்துக் கிள்ளினார். இந்தப் பக்கத்துக் காட்டுமல்லியில் இப்படி ஒன்றை யாரும் எழுதி வைக்கவில்லை என்றார். ஒரே ஒரு குறை. எல்லாம் பிஞ்சு. பூஞ்சைக்கு விதை போன்ற அந்த விதைத்துகள் முற்றினால்தான் அது இன்னது என்று அடித்துச் சொல்ல முடியும். அதற்கு மார்கழிப் பனி கொஞ்சம் பெய்ய வேண்டும்.

நாங்கள் கிள்ளிக்கொண்டும் குதித்துக்கொண்டும் இருந்தபோது கரைமேல் ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது. முன்னால் நின்றவர் பன்னீர் அண்ணன். கைலியை மடித்துக் கட்டி, கையில் மண்வெட்டியோடு நின்றார். சிங்கப்பூரில் பல வருஷம் இருந்துவிட்டு வந்து, மதகடியில் இருக்கும் சொந்த வயலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்.

“யாரு நீங்க? மண்ணெடுத்துப் போயி எண்ணெ இருக்கான்னு பாக்குற ஆளுங்களா? பைய தொறங்க.”

அந்த வருஷங்களில் எங்கள் பக்கத்தில் பையோடு வயலில் இறங்கிய அந்நியன் எவனும் சும்மா தப்பியதில்லை. பையைத் திறந்து கொட்டினேன். ஓட்டை விழுந்தது, துரு பிடித்தது, சுருண்டது, மஞ்சளடித்தது என்று இலைகளாக விழுந்தன. பன்னீர் அண்ணன் ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

“என்னங்க இது, அம்புட்டும் சொத்த எலையா இருக்கு?”

அக்கா பொறுமையாக விளக்கினார். செடிகளுக்கு வரும் நோய், அதைத் தேடி வந்திருக்கிறோம், இந்தக் கொடிக்கு வந்திருப்பது ரொம்ப அபூர்வம், ரொம்ப முக்கியம். கேட்கக் கேட்க அண்ணன் முகம் மாறிவிட்டது. மண்வெட்டியைக் கீழே போட்டார். வீட்டிலிருந்து டீ வந்தது, முறுக்கு வந்தது. கிளம்பும்போது அக்கா அவரிடம் சொன்ன ஒரு வாக்கியம்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

“அண்ணே, இந்தக் கொடிய மட்டும் கொஞ்சம் பத்திரமா பாத்துக்குங்க.”

“கவலையே படாதீங்கம்மா. எம் புள்ளயாட்டம் பாத்துக்கறேன்.”

மார்கழியில் போனோம். தூரத்திலிருந்து பார்க்கும்போதே கொடி தளதளவென்று நின்றது. சுற்றிலும் மூங்கில் படல், அடியில் தொழு உரம். கிட்டே போனால் கை எட்டும் உயரத்துக்கு ஒரு கரும்புள்ளி இல்லை. பன்னீர் அண்ணன் முகமெல்லாம் சிரிப்பாக ஓடி வந்தார்.

“கெட்ட எலய பூரா கிள்ளி எரிச்சிட்டம்மா. நெல்லுக்கு வாங்கின மருந்து மீதி இருந்துச்சு, பேட்டரி ஸ்பிரேயர்ல ரெண்டு ரவுண்டு அடிச்சேன். எப்புடி இருக்கு பாருங்க!”

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. விவசாயியிடம் போய் நோய் வந்திருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்றால் அவர் வேறு என்ன செய்வார்? அக்கா “ரொம்ப நல்லா இருக்குண்ணே” என்றார். பிறகு மதகுக் கட்டையில் உட்கார்ந்து துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தார். சத்தமாகவே அழுதார். தை பிறக்க அதிக நாள் இல்லை. அண்ணன் வெலவெலத்துப் போனார். பூரித்துப் போய் அழுகிறார் என்று முதலில் நினைத்திருக்கிறார். நான் விஷயத்தைச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டார்.

“அய்யய்யோ, அந்த நோவுதான் வேணுமா? மொதல்லயே சொல்லியிருந்தா ஊட்டி வளத்துருப்பனே!”

அடுத்து நடந்ததை நேரில் பார்க்காதவர்கள் நம்பமாட்டார்கள். வேறு காட்டுமல்லியில் அந்தப் புள்ளி இருக்கிறதா என்று பார்க்க அண்ணன் ஊருக்குள் ஆள் அனுப்பினார். நோய்தான் வேண்டுமாம் என்ற செய்தி மட்டும் தெருத்தெருவாகப் போய்ச் சேர்ந்தது. ஒரு பெண் சுருண்ட மிளகாய்ச் செடியை வேரோடு கொண்டுவந்தார். ஒருவர் எலுமிச்சைக் கிளையோடு நின்றார். இன்னொருவர் செம்பருத்தியைத் தொட்டியோடு தூக்கி வந்தார். கடைசியாக, நடவில் நின்று நின்று கால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வந்த ஒரு பெரியவர் மெல்ல வந்து, அக்கா முன்னால் காலை நீட்டினார்.

“இதுவும் காளான் சாதிதான்னு டாக்டர் சொன்னாரு. ஆவுமான்னு பாருங்க தாயி.”

அழுதுகொண்டிருந்த அக்கா குபீரென்று சிரித்துவிட்டார். சிரிப்பும் அழுகையும் கலந்து விக்கல் எடுத்தது. யாரோ சொம்பில் தண்ணீர் கொடுத்தார்கள். அண்ணாந்து குடித்தவர் அப்படியே நின்றுவிட்டார். புங்கமரத்தின் உச்சியில், வாய்க்காலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த கிளையில், மருந்தும் கையும் எட்டாத இடத்தில் கொடியின் நுனி கறுத்துக் கிடந்தது.

நான் சட்டைக் கையை மடித்தேன். மடித்ததோடு சரி. அதற்குள் பன்னீர் அண்ணன் பாதி மரம் ஏறிவிட்டார். “அண்ணே, வயசாச்சு, வேணாம்” என்று கீழிருந்து யாரோ கத்தியது அவருக்கு ரோஷத்தைக் கிளப்பிவிட்டது. கிளையோடு ஊர்ந்துபோய், நுனியை எட்டிப் பறித்தார். கிளை முறிந்தது. தொபீரென்று தண்ணீருக்குள் விழுந்தார். ஆளைக் காணோம், ஒரு கை மட்டும் இலைகளோடு தண்ணீருக்கு மேலே நின்றது. அப்புறம் தலை வந்தது.

“எல நனையலம்மா!”

அவர் கைலி வாய்க்காலோடு போய்க்கொண்டிருந்தது. அதைப் பிடிக்க இரண்டு பேர் கரையோடு ஓடினார்கள்.

அங்கேயே கரையில் உட்கார்ந்து நான் இலைகளுக்கு நகப்பூச்சுத் தடவினேன். ஊரே சுற்றி நின்று பார்த்தது. “சிவப்புல வாங்கியிருந்தா இன்னும் எடுப்பா இருந்திருக்கும் தம்பி” என்றார் மிளகாய்ச் செடிக்காரப் பெண். அன்று சாயங்காலம் கல்லூரியில் மைக்ராஸ்கோப்பில் வைத்தால், முற்றின விதைத்துகள்கள், பழுப்பாக, கணுக்கணுவாக வரிசையாக இருந்தன. அக்கா பார்த்துவிட்டு என் தலையில் ஓங்கி ஒரு குட்டு வைத்தார். தைக்கு முன்னால் ஏடு போய்ச் சேர்ந்தது. தையிலேயே கல்யாணம். பன்னீர் அண்ணன் முதல் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார். அந்தக் கரும்புள்ளி கிடைக்காமல் போயிருந்தால் அக்காவின் படிப்பு அதோடு நின்றிருக்கும். இன்று எங்கோ ஒரு மலையூர்க் கல்லூரியில் அவர் பேராசிரியர். மார்கழி வந்தால் போன் செய்து, கொடி எப்படி இருக்கிறது என்று கேட்பார். நான் போய்ப் பார்க்காமலேயே நன்றாக இருக்கிறது என்பேன்.

இந்த மார்கழியில் கும்பகோணம் போகிற வழியில் நிஜமாகவே இறங்கிப் பார்த்தேன். வாய்க்காலின் இரண்டு கரையும் சிமெண்ட் போட்டு வழவழவென்று இருந்தன. மதகு புதுசு. புங்கமரம் இருந்த இடத்தில் சரிவாகக் கான்கிரீட். பன்னீர் அண்ணன் என்னை அடையாளம் கண்டுகொண்டு கையைப் பிடித்துக்கொண்டார். தலை முழுக்க நரைத்திருந்தது. நான் புங்கமரம் இருந்த பக்கம் பார்ப்பதைக் கவனித்தார். “அந்த ஆராய்ச்சி அம்மாவுக்குப் போனப் போடுங்க தம்பி, நானே சொல்லிர்றேன்” என்றார்.

ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன்.

“தாயி, பன்னீரு பேசுறேன். கொடி இல்லம்மா. மகள பாக்க சென்னைக்குப் போயிருந்தேன். வர்றதுக்குள்ள மெசினு உட்டு வழிச்சிட்டாங்க. நான் இருந்திருந்தா வுட்ருப்பனா?”

அந்தப் பக்கத்திலிருந்து அக்கா, வேறு எங்கேயாவது அந்தப் புள்ளி தென்பட்டதா என்று கேட்டார்.

“தேடாத எடமில்லம்மா. ஊர்ல இருக்குற ஒண்ணு ரெண்டு காட்டுமல்லியும் நல்லாத்தான் இருக்கு. ஒண்ணுத்துக்கும் அந்த நோவு வரமாட்டேங்குது” என்றார். சொல்லும்போது அவர் குரல் உடைந்துவிட்டது.