லாபம் என்று தொடங்கிய எண்ணிக்கை

முதலில் மூன்று விஷயங்கள். நான் கட்டுமானப் பொறியியல் படித்தவள். காத்து கருப்பு எதிலும் நம்பிக்கை இருந்ததில்லை. அன்று எனக்கு வெயில் மயக்கமும் இல்லை. நம்பாவிட்டால் போங்கள், பொய்க்காரி என்று மட்டும் சொல்லாதீர்கள். அதை என் மேலாளர் ஏற்கெனவே சொல்லிவிட்டார்.

காரைக்காலில், அரசலாற்றங்கரையில், பாதியில் நின்றுபோன புத்த ஸ்தூபி ஒன்று இருக்கிறது. வட்டச் சுவர் மட்டும் எழும்பியிருக்கிறது. மேலே குவிமாடம் இல்லை, வானம்தான். மறுபடி கட்டுமுன் பழைய சுவர் தாங்குமா என்று அறிக்கை தருவது என் வேலை. நெரவியிலிருந்து வந்த மேஸ்திரி உள்ளே போய்ச் செங்கல் வரிசைகளை எண்ணிச் சொல்ல, நான் வாசலருகே நிழலில் உட்கார்ந்து எழுதுவதாக ஏற்பாடு. இருப்பது ஒரே வாசல். காலை பதினோரு மணி.

நோட்டைத் திறந்ததும் உள்ளிருந்து குரல் வந்தது. “லாபம், ரெண்டு, மூணு...” நெல் அளக்கிறவர்கள் ஒன்று என்று சொல்லமாட்டார்கள், லாபம் என்பார்கள். மேஸ்திரி கிண்டல் செய்கிறார் என்று சிரித்துக்கொண்டே கோடு போட்டேன். நாற்பத்தொன்றாவது கோட்டில் மேஸ்திரி சாலையிலிருந்து டீயோடு வந்து நின்றார்.

“என்னங்க மேடம், நான் வர்றதுக்குள்ள எழுதிட்டீங்க?”

உள்ளே யாருமில்லை. மேஸ்திரி போய் எண்ணினால் வரிசைகள் முப்பத்தெட்டுதான். நான் எதையும் அழிக்கவில்லை. கண்டதையும் கேட்டதையும் எழுதிக் கொடுத்தேன்.

மறுநாள் மேலாளர் எல்லோர் முன்னாலும் நோட்டை ஆட்டினார். “லாபம்னு எண்ண இது என்ன நெல்லு மண்டியாம்மா? நெழல்ல ஒக்காந்து தோணுனத எழுதிட்டு பேய் மேல பழி போடுறியா? ஒன் கையெழுத்தே வேணாம் போ.”

“மேடம் அப்படிப்பட்டவங்க இல்ல சார்” என்றார் மேஸ்திரி.

“நீ சும்மா இருய்யா.”

எனக்கு அழுகை வரவில்லை, உடம்பெல்லாம் எரிந்தது. “உள்ள தரையத் தோண்டுங்க சார், மிச்ச மூணு வரிசை அங்க இருக்கும். நான் சொன்னது தப்புன்னா வேலைய விட்டுடறேன்.”

தோண்டினார்கள். கொட்டி மூடிய மண்ணுக்கடியில் ஒன்று, இரண்டு, மூன்று வரிசை. “போதும், மூடுங்க” என்றார் மேலாளர். ஒரு மன்னிப்பு? கிடையாது. அறிக்கையில் எண்ணியவர் என்ற இடத்தில் மேஸ்திரி பெயரை மேலாளரே எழுதினார். கீழே என் கையெழுத்து.

இப்போது சுவர் உயர்கிறது. நான் சொன்னதுதான் சரி என்று எல்லோரும் ஒத்துக்கொண்டாகிவிட்டது. ஆனால் ஒன்றை நான் அந்த நோட்டில் எழுதவில்லை. டீயைப் பார்த்து நாற்பத்தொன்றில் நிறுத்தியது நான்தான். உள்ளே எண்ணிக்கை நிற்கவில்லை.