சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் ஏழு சாவி

1. முதல் நாள்

சொந்தத் தொழிலின் முதல் நாளிலேயே நாலு பெண்கள் குடத்தோடு என்னை அடிக்க வந்தார்கள். தப்பு என்னுடையதுதான்.

அதற்கு முன் பெங்களூரில் ஒரு கார் டீடெயிலிங் கடையில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தேன். டீடெயிலிங் என்றால் வெறும் வாஷ் இல்லை. பெயிண்டில் விழுந்த மெல்லிய கீறலை எடுத்து, பாலிஷ் போட்டு, சீட் முதல் ஏசி துவாரம் வரை சுத்தம் செய்து, வண்டியைப் புதிதாக வாங்கிய நாளுக்கே திருப்பிக் கொண்டுபோக வேண்டும். தினமும் விடியும் முன் எங்கள் ஊர் ஸ்டேஷனான சாம்பியன் ரீப்ஸில் ரயில் ஏறுவேன், இருட்டிய பிறகு அங்கேயே இறங்குவேன். நாற்பத்தெட்டு வயதில் முழங்கால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டது. சேமிப்பையெல்லாம் போட்டு ஒரு பழைய வேன் வாங்கினேன். அதில் பிரஷர் வாஷர், வேக்யூம், தண்ணீர் டேங்க் எல்லாம் ஏற்றி, கோலார் தங்கவயலில் வீட்டு வாசலுக்கே போய்க் காரைச் சுத்தம் செய்யும் தொழிலில் இறங்கினேன்.

கடை முதலாளி நல்ல மனிதர். “வசந்தம்மா, ஆயுத பூஜை வரைக்கும் உங்க இடத்துக்கு ஆள் போட மாட்டேன். நடக்கலைன்னா வந்துடுங்க. அதுக்கு மேல என்னால ஆகாது” என்றார். கையில் மூன்று மாதம் இருந்தது. அதற்குள் மாதாமாதம் கூப்பிடும் ஆட்கள் பத்துப் பேராவது சேர வேண்டும். இல்லையென்றால் அதே ரயில், அதே முழங்கால்.

முதல் டெமோவை எங்கள் லைனிலேயே வைத்தேன். லைன் என்றால் சுரங்கக்காரர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகள். எதிர்வீட்டுக்காரர் காரை நிறுத்தி, பிரஷர் வாஷரை ஓட்டினேன். தண்ணீர் சீறிக்கொண்டு தெருவில் ஓடியது. அந்த வாரம் குழாயில் ஒரு சொட்டு வரவில்லை என்பது ஊர்க்காரியான எனக்குத் தெரியாமலா இருக்கும்? தெரியும். ஆனால் பெங்களூரில் கற்ற வேலையைக் காட்டும் ஆசையில் மூளை கழன்றுவிட்டது.

“இன்னாடி வசந்தா, பெரிய ஆளாயிட்டியா? எங்க வூட்ல கொழம்பு வெக்க தண்ணி இல்ல, நீ காருக்குத் தல முழுக்காட்டிகினு கீற!” என்று குடத்தோடு வந்த நாலு பேரில் ஒருத்தி கத்தினாள்.

வாஷரை நிறுத்தினேன். டேங்கில் மீதி இருந்ததை அவர்கள் குடத்திலேயே பிடித்துக் கொடுத்தேன். போகும்போது ஒருத்தி திரும்பிப் பார்த்து, “நாளைக்கும் வருவியா?” என்றாள். தொழிலில் எனக்குக் கிடைத்த முதல் வாடிக்கையாளர் அவள்தான், தண்ணீருக்கு.

2. மண்

அன்றோடு பிரஷர் வாஷரை வீட்டில் இறக்கி வைத்தேன். ரின்ஸ்லெஸ் வாஷ் என்று ஒரு முறை இருக்கிறது. ஒரு திரவத்தைக் கலந்த தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்தால் போதும், அலச வேண்டாம். ஒரு காருக்கு இரண்டு பக்கெட் தண்ணீர் பிடிக்கும். ஆனால் எங்கள் ஊரில் அதை அப்படியே செய்தால் பெயிண்ட் செத்துப்போகும். காரணம் சயனைட் மலை.

சயனைடு போட்டுத் தங்கத்தைப் பிரித்த பிறகு, அரைத்த கல்லின் மிச்சத்தைக் கொட்டிக் கொட்டி எழுந்த மலைகள் அவை. ஆடிக் காற்றில் அந்த மண் எழும்புவதை ஒரு வார நாளின் காலை வெளிச்சத்தில், வேலைக்குப் போகாமல் நின்று பார்த்தது அப்போதுதான். மலை முழுவதும் மெதுவாகப் புகைந்தது. வாயைப் பிளந்து நின்றுவிட்டேன். பதினெட்டு வருடமாக இருட்டில் ஒரு கரும் மேடாக மட்டுமே அதைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

காரின் பானட்டில் அது முகப்பவுடர் மாதிரி உட்கார்ந்திருக்கும். தொட்டால் மிருது. கீறல் பார்க்கும் இன்ஸ்பெக்ஷன் லைட்டை அடித்துப் பார்த்தால் ஒவ்வொரு துகளும் மின்னும். எல்லாம் கல், தேய்த்தால் கீறும். என் அப்பா சுரங்க லிஃப்டான கேஜில் இறங்கி, எத்தனையோ லெவலுக்குக் கீழே ஷிப்ட் பார்த்து மேலே அனுப்பிய கல்லும் அதில் இருக்கும். அந்த ஆழத்திலிருந்து வந்தது எதிர்வீட்டுக்காரர் பானட்டில் உட்கார்ந்திருப்பதை நினைத்தபோது துணியை வைக்கவே கை தயங்கியது.

நானாக ஒரு வரிசை வகுத்துக்கொண்டேன். முதலில் ப்ளோயரால் காற்றடித்து மண்ணை விரட்டுவது. பிறகு ஃபோம் தெளித்து ஊறவிடுவது. அதற்குப் பிறகுதான் துணி, அதுவும் ஒரு பக்கம் ஒரே ஒருமுறை. இன்றுவரை இதை மாற்றவில்லை.

3. வட்டங்கள்

வேலை தயார், ஆள்தான் இல்லை. ராபர்ட்சன்பேட்டை பஜாரில் நோட்டீஸ் கொடுத்தேன். “வண்டி தொடைக்க இம்மாம் துட்டா?” என்று சிரித்துவிட்டுப் போனார்கள். கடைசியில் ஒரு டாக்டர் கூப்பிட்டார். கறுப்பு நிறப் பெரிய கார். அவருடைய டிரைவர் முருகேசன் தினமும் காலையில் அதை மஞ்சள் துணியால் தண்ணீர் தொடாமலே துடைப்பவர்.

நான் டாக்டர் முன்னால் இன்ஸ்பெக்ஷன் லைட்டை அடித்துக் காட்டினேன். பெயிண்ட் முழுவதும் சிலந்தி வலை போல வட்ட வட்டமாகக் கீறல். நாங்கள் ஸ்வர்ல் மார்க் என்போம். “நாலு வருஷமா இப்பிடித்தான் தொடைக்கிறியா நீ?” என்று டாக்டர் அங்கேயே அவரைப் பிடித்துக்கொண்டார். முருகேசன் தலையைக் குனிந்துகொண்டார். வேலை எனக்குக் கிடைத்தது. கெட்டிக்காரி என்று எனக்கு நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

அடுத்த வாரத்திலிருந்து ராபர்ட்சன்பேட்டையில் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே பதில். “டிரைவர் வேணான்றான்மா.” டிரைவர்கள் எல்லாரும் ஒரே டீக்கடையில்தான் நிற்பார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அந்த டீக்கடைக்கே போனேன். “அண்ணே, தப்பு என்னுது” என்றேன். முருகேசன் டீயைக் கீழே வைத்தார்.

“அந்த வண்டிய எம்புள்ள மாதிரி பாத்துக்கினேம்மா. நானே கீறிக்கினு இருந்தது எனக்கே தெரியாது. அத்த என்கிட்ட தனியா சொல்லியிருக்கலாம்ல?”

நல்ல மைக்ரோஃபைபர் துணி நாலு கொடுத்து, மண்ணைத் தேய்க்காமல் எடுப்பது எப்படி என்று காட்டினேன். வாங்கிக்கொண்டார், சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து அந்த பானட்டை எடுத்த போட்டோவைத் திரும்பப் பார்த்தேன். வட்டங்கள் அத்தனை ஒழுங்காக, ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தன. ஒருநாள்கூட விடாமல் துடைத்த கைக்குத்தான் அப்படி விழும். அதைப் பார்க்கத் தெரியாமல் கீறலை மட்டும் பார்த்திருக்கிறேன்.

4. உள்ளே மட்டும்

பூதிகோட்டையில் ஒரு தக்காளி விவசாயி கூப்பிட்டார். பெரிய வண்டி. சேறு கண்ணாடி வரை ஏறியிருந்தது. எனக்குக் கை பரபரத்தது.

“மேல தொடாதீங்கம்மா” என்றார். “பளபளன்னு மண்டிக்குப் போனா, இவனுக்கு இன்னா கொறச்சல்னு தக்காளி வெலைய அடிச்சிடுவான். உள்ள மட்டும் பண்ணுங்க. ஊட்டம்மா ரெண்டு மாசமா இந்த வண்டில ஏற மாட்டேன்றா.”

உள்ளே மட்டும் செய்தேன். தரையிலிருந்து அரைக்கூடை மண் வந்தது. அவர் மனைவி வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்கார்ந்து பார்த்தார். மாதாமாதம் வரச் சொன்னார்கள். அந்த வண்டியை இன்றுவரை வெளியே ஒரு விரல் தொட்டதில்லை.

5. மஞ்சள் துணி

ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் இருந்தது. எண்ணிப் பார்த்தேன். மாதாமாதம் கூப்பிடுகிறவர்கள் மொத்தம் நாலு பேர். முதலாளியை நேரில் பார்த்து, திரும்பி வருகிறேன் என்று சொல்லிவிட முடிவு செய்தேன். விடியும் முன் வேனை ஸ்டேஷனில் நிறுத்திவிட்டு டிக்கெட் எடுத்தேன்.

எங்கள் ரயிலில் இடம் போடுவது ஒரு வழக்கம். வண்டி புறப்படும் மாரிக்குப்பத்தில் ஏறுகிறவர்கள், அடுத்த ஸ்டேஷனில் ஏறும் கூட்டாளிக்குக் கைக்குட்டை போட்டு சீட்டைப் பிடித்து வைப்பார்கள். எனக்குப் போடுவது ஸ்டெல்லா அக்கா. கார்மென்ட்ஸ் கம்பெனியில் சூப்பர்வைசர். கடையில் பழசான ஒரு மஞ்சள் மைக்ரோஃபைபர் துணியை அதற்கென்றே அவரிடம் கொடுத்து வைத்திருந்தேன். வேலையை விட்ட பிறகு அந்தக் கோஷ்டியில் யாரிடமும் நான் பேசவில்லை. தொழில் ஓடவில்லை என்று சொல்ல வெட்கம்.

நின்றுகொண்டே போகலாம் என்றுதான் ஏறினேன். ஜன்னலோரம் ஸ்டெல்லா அக்கா உட்கார்ந்திருந்தார். பக்கத்துச் சீட்டில் என் மஞ்சள் துணி விரித்திருந்தது.

“வா, உக்காரு” என்றார் அக்கா, நேற்றுப் பார்த்தவர் போல.

“இன்னாக்கா இது?”

எனக்கு முன்னால் ஏறி எதிர் சீட்டில் உட்கார்ந்த எங்கள் கோஷ்டிக் கௌதமன் பதில் சொன்னான். ஆஸ்பத்திரி ஒன்றில் கிளார்க். “அக்கா தெனம் போடும். நீ ஏறலன்னா, வண்டி நகந்ததும் எடுத்துடும். அப்புறம் யாராவது உக்காந்துப்பாங்க.”

“மூணு மாசமாவா?”

“பின்ன?” என்றார் ஸ்டெல்லா அக்கா. “நடக்கலன்னா நீ வருவியே. வந்தா அந்த முட்டிய வெச்சிகினு பெங்களூரு வரைக்கும் நிப்பியா?”

நான் அழுதுவிட்டேன். கால் வைக்க இடமில்லாத அந்த ரயிலில், வருவேனா மாட்டேனா என்று தெரியாத எனக்கு, ஒருநாள் விடாமல் ஒரு சீட்டைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். இப்படி ஒரு காரியத்தை நான் யாருக்கும் செய்ததில்லை.

நடந்ததையெல்லாம் சொன்னேன். கௌதமனுக்குக் கோபம் வந்தது.

“என்கிட்ட ஏன் கேக்கல?”

“நீதான் பகல்ல வீட்லயே இருக்க மாட்டியே. எந்த வாசல்ல வந்து நிக்கறது?”

“என் காரு நம்ம ஸ்டேஷன்லதானே நாள் பூரா நிக்குது! மண்ணத் தின்னுகினு.”

பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்து என் கையில் வைத்தான். பதினெட்டு வருடம் அந்த வண்டிகளை உரசிக்கொண்டு இருட்டில் ஓடியிருக்கிறேன். அவை வாடிக்கையாளர்களின் கார்கள் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

விஷயம் பெட்டிக்குள் பரவியது. தலைகளுக்கு மேலே கைமாறிக் கைமாறிச் சாவிகள் வந்தன. “வெள்ள வண்டி, வேப்ப மரத்தடி.” “பின் சீட்ல பாப்பா வாந்தி எடுத்துட்டா, கோச்சிக்காதக்கா.” “ஹாரன் அடிக்கல, அத்தயும் பாரு.” கதவோரம் நின்ற, முகம் மட்டும் தெரிந்த இரண்டு பேரும் கொடுத்தார்கள். வீட்டிலேயே விலை உயர்ந்த பொருளின் சாவி. ஒருவரும் என் போன் நம்பரைக்கூடக் கேட்கவில்லை. மொத்தம் ஏழு. மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எறங்கு எறங்கு, கோரமண்டல் வந்துடுச்சி!” என்று ஸ்டெல்லா அக்கா என்னைத் தள்ளாத குறையாக இறக்கிவிட்டார். அங்கிருந்து ஆட்டோ பிடித்து, இரண்டு ஸ்டேஷன் பின்னால் இருந்த சாம்பியன் ரீப்ஸுக்குத் திரும்பினேன்.

அன்று மூன்று வண்டிதான் முடிந்தது. மற்ற நாலுக்கும் காற்று மட்டும் அடித்து வைத்தேன். பூஜைக்குள் ஏழும் முடிந்தன, இன்னும் ஐந்து சேர்ந்தன, எல்லாமே மாதாமாதம். அதில் ஒன்றை அனுப்பியவர் டீக்கடை முருகேசன். முதலாளிக்கு போன் செய்து, “சார், என் இடத்துக்கு ஆள் போட்டுக்கோங்க” என்றேன். “சந்தோஷம் வசந்தம்மா” என்றார். கொஞ்சம் வருத்தமும் குரலில் இருந்தது.

மறுநாள் விடியும் முன் ஸ்டேஷனில் நின்றேன். ரயில் வந்ததும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “அக்கா, இனிமே போடாதீங்க” என்றேன்.

“நெசமாவா?”

“நெசமா.”

அக்கா துணியை எடுத்து மடித்து, ஜன்னல் வழியாக என்னிடம் நீட்டினார். நின்றுகொண்டிருந்த ஒரு கர்ப்பிணிப் பெண்ணைக் கூப்பிட்டு அந்த இடத்தில் உட்கார வைத்தார்.

தொழில் தொடங்கும் பிள்ளைகள் என்னிடம், வாடிக்கையாளரை எப்படிப் பிடிப்பது என்று கேட்கிறார்கள். நான் ஊரெல்லாம் நோட்டீஸ் கொடுத்தேன். எனக்காக ஓர் இடத்தைப் பிடித்து வைத்திருந்தவர்களிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்று மாதம் அதனால் போனது. நீங்கள் முதலில் அங்கே போய்ச் சொல்லுங்கள்.

அந்த மஞ்சள் துணியில் மண் ஏறிவிட்டது. பெயிண்டில் வைத்தால் கீறும், எந்தக் காருக்கும் ஆகாது. வேனில் என் பக்கத்துச் சீட்டில் விரித்து வைத்திருக்கிறேன். ஸ்டெல்லா அக்கா லீவு நாளில் எப்போதாவது என்னோடு வந்தால் அங்கேதான் உட்காருவார்.