பட்டியலில் வராத பதினைந்தாவது நூல்

யுத்தம் முடிந்த மறுவருடம் மட்டக்களப்பில் கல்லூரி என்று பெயர் கொண்ட ஒரு பாடசாலையின் நூலகத்தில் கணினிப் பணியாளராக இருந்தேன். பரிசளிப்பு விழாவுக்கு முன் அதிபர் ஒரு வேலை தந்தார். கல்லூரியின் ஆசிரியர்களும் பழைய மாணவர்களும் அண்மையில் வெளியிட்ட நூல்களைத் திரட்டி, பட்டியல் அச்சிட்டு, மண்டபத்தில் மேசை போட்டுக் காட்சிக்கு வைக்க வேண்டும்.

எனக்குப் பட்டியல் போடுவது பிடிக்கும். ஏழு நிரல்கள் அமைத்தேன்: தலைப்பு, ஆசிரியர், கல்லூரித் தொடர்பு, வெளியீட்டாளர், ஆண்டு, பக்கங்கள், சர்வதேச நூல் எண். ஒரு நிரல் வெறுமையாக இருந்தாலும் அந்த நூலைச் சேர்ப்பதில்லை என்று விதியும் வைத்தேன். அதிபர் அப்படிச் சொல்லவில்லை. விதி என்னுடையது.

பதினான்கு நூல்கள் சேர்ந்துவிட்டன. பதினைந்தாவதைக் கொண்டுவந்தவர் எங்கள் கணித ஆசிரியர். செட்டிபாளையத்தில் இருந்த அவருடைய வீட்டையும் மனைவியையும் சுனாமி கொண்டுபோயிருந்தது. மனைவியும் இதே கல்லூரியில் படித்தவர். பிறகு விஞ்ஞான ஆசிரியையாக இருந்தவர்.

மெல்லிய புத்தகம். முதல் தாளில் மனைவியின் படம், இருபக்கமும் குத்துவிளக்கு. அடுத்து பிறப்பு, மறைவு, தேவாரம், உறவினர் பெயர்கள். இறந்தவரின் முப்பத்தோராம் நாளுக்கு வீடுகளில் அச்சிட்டுக் கொடுக்கும் நினைவு மலரின் அதே முகம். நாலு தாளோடு மூடிவிட்டேன்.

“சேர், இது நினைவு மலர். நூல் பட்டியல்ல வராது.”

“பின்னுக்கும் ஒருக்காப் பாருங்க புள்ள. அவ எழுதினதுதான் இரிக்கு.”

“நூல் எண்ணும் இல்லையே சேர். இதைச் சேத்தா பிறகு வீட்டுக்கு வீடு ஒண்டு சேக்கோணும்.”

நகைச்சுவையாகச் சொன்னதாகத்தான் நினைத்தேன். சிரித்தும் இருப்பேன்.

“ஓம், வீட்டுக்கு வீடு இரிக்குத்தானே” என்றார். புத்தகத்தைத் திருப்பி வாங்கவில்லை. “லைப்ரரியில கிடக்கட்டும்.”

அதை அச்சு இயந்திரத்துக்குக் கீழே, பதிவு செய்யாதவற்றோடு வைத்தேன். எங்கள் வீட்டு அலுமாரியிலும் நான்கு நினைவு மலர்கள் இருக்கின்றன. இரண்டு சுனாமிக்கு, இரண்டு யுத்தத்துக்கு. அவற்றிலும் நான் நாலு தாளுக்கு மேல் போனதில்லை.

விழா அன்று காலை, காட்சி மேசைக்கு உதவியாக ஒரு மாணவத் தலைவியை அனுப்பியிருந்தார்கள். கணித சேரின் மகள். பத்தாம் வகுப்பு. பட்டியலை எடுத்து விரல் வைத்து மேலிருந்து கீழே வாசித்தாள். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை.

“மிஸ், அம்மாட பேர் மற்றப் பட்டியல்ல இரிக்கா?”

“மற்றப் பட்டியல் எண்டு ஒண்டும் இல்ல.”

“அப்பா வருமெண்டு சொன்னவர். நான் சித்திக்கும் சொல்லிட்டன். அவ ஏறாவூரில இருந்து வாறா.”

நூலகத்துக்கு ஓடினேன். அச்சு இயந்திரத்துக்குக் கீழிருந்து புத்தகத்தை இழுத்து, அங்கேயே குந்தியிருந்து ஒன்பதாம் பக்கத்தைத் திறந்தேன். வாவிக்கரைத் தாவரங்கள், நூற்றுக்கு மேல், இலக்கமிட்டு. பெயர், கண்ட இடம், பூக்கும் மாதம், பயன். சுனாமிக்கு முன் இவற்றை எழுதிவைத்த கொப்பியை வாவிக்கு அப்பால் படுவான்கரையில் ஒரு தோழிக்கு இரவல் கொடுத்திருந்தாராம். யுத்தத்தில் மூடிக்கிடந்த பாதை திறந்த பிறகுதான் அது சேரின் கைக்கு வந்தது என்று அடியில் ஒரு குறிப்பு.

வெறுமையான கட்டங்கள் நிறைய இருந்தன. அதற்காக அவர் ஒரு செடியையும் விட்டுவிடவில்லை. “தில்லை. குருக்கள்மடம். பூக்கும் மாதம்: தெரியாது. மார்கழி லீவில் போய்ப் பார்க்க வேண்டும்.” அந்த மார்கழியில்தான் கடல் வந்தது.

புத்தகத்தோடு மண்டபத்துக்குத் திரும்பி, பட்டியலின் அடியில் பதினைந்து என்று எழுதப் பேனையை எடுத்தேன்.

“வேணாம் மிஸ்” என்றாள். “கையால எழுதினா விட்டுப்போனது எல்லாருக்கும் தெரியும். அம்மாக்குத்தான் வெட்கம்.”

வெட்கம் யாருக்கு என்று எனக்குத் தெரியும். பேனையை மூடிவைத்தேன்.

அவளே புத்தகத்தை வாங்கி மேசையின் நடுவில் வைத்தாள். வந்தவர்கள் எடுத்தார்கள், படத்தைக் கண்டதும் முகத்தை மாற்றிக்கொண்டு மெதுவாக வைத்தார்கள். நான் வைத்ததைப் போலவே. பிறகு ஒன்பதாம் பக்கத்தில் விரித்து வைத்தேன். மின்விசிறிக் காற்றில் தாள்கள் புரண்டு மறுபடி படத்துக்கே போயின. சித்தி வந்து, “எங்க, அக்காட எழுத்து?” என்று கேட்டபோது, அந்தப் பக்கத்தை விரலால் அழுத்திப் பிடித்துக் காட்டினேன். விழா முடியும்வரை அப்படியே நின்றேன்.

சேர் மேசைப் பக்கம் வரவே இல்லை.