பியானோவுக்குள் குருவம்மாள் கை

நல்லசிவம் முதலாளி வீட்டுப் பியானோவை இதுவரைக்கும் வாசித்தது எலி மட்டும்தான். ஆனாலும் பியானோவின் வயிற்றைப் படம் பிடித்துத் தன் அச்சகக் காலண்டரில் போட வேண்டும் என்று அவருக்கு ஆசை. சாமி படம்தான் எல்லாரும் போடுகிறார்களாமே.

தூசி துடைக்கக் குருவம்மாள் வந்தாள். வாரத்தில் ஆறு நாள் நாரணாபுரம் பட்டாசுக் கம்பெனி, ஞாயிறு இந்த வீடு. அலுமினியத் தூள் அள்ளி அள்ளி அவள் கை சாம்பல் வெள்ளியாய் மின்னும். எந்தச் சோப்புக்கும் அடங்காது. மகள் கல்யாண ஆல்பத்தில் அவள் முகம் இருக்கும், கை இருக்காது. போட்டோ என்றாலே கை முந்தானைக்குள் போய்விடும்.

போட்டோக்காரன் அன்பரசன் பெட்டி போன்ற பெரிய கேமராவை நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டான்.

"உள்ள என்ன தம்பி தெரியுது?"

"எல்லாம் தலைகீழாத் தெரியுதுக்கா."

"எங்க முதலாளியுமா?"

"அவரு வெளியவே அப்படித்தான."

சிரித்துவிட்டுச் சொன்னான். "பிலிம் ஒண்ணுதான் இருக்கு. நாலு நிமிசம் தொறந்து வைக்கணும். கம்பி ஆடுச்சுன்னா கலங்கிரும்."

லென்ஸைத் திறந்தான். இரண்டாவது நிமிடம், தெருமுனைக் கல்யாண வீட்டில் அதிர்வேட்டு. அவள் கம்பெனிச் சரக்காகவும் இருக்கலாம். கம்பிகளை அடக்கும் பஞ்சைத்தான் எலி தின்றுவிட்டதே, அவை முனக ஆரம்பித்தன.

வெடிமருந்துத் தட்டு குலுங்கினால் சட்டென்று உள்ளங்கையால் அமுக்கு. கம்பெனியில் அவள் படித்த இருபது வருடப் படிப்பு அது. கை தானாகப் போய்விட்டது. முனகல் நின்றது.

அப்புறம்தான் கை எங்கே இருக்கிறது என்று பார்த்தாள்.

"ஐயோ தம்பி, எடுத்துரவா?"

"எடுத்தா மறுபடி ஆடும்க்கா. இன்னும் ரெண்டே நிமிசம்."

கையை அங்கேயே வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள், கேமராவுக்கு அப்புறம் தெரியாது என்பதுபோல.

அடுத்த ஞாயிறு படம் வந்தது. வரிசையாய்க் கம்பிகள். அவற்றின் மேல், பாதி நேரமே இருந்ததால் பின்னால் இருக்கும் கம்பியும் தெரியும்படி, ஒரு வெள்ளிக் கை.

"யாரு கை இது? கம்ப்யூட்டர்ல அழிச்சிரலாம்ல?" என்றார் முதலாளி.

"அக்காகிட்ட கேளுங்க" என்றான் அன்பரசன்.

அழித்துவிடச் சொல்லத்தான் வாரம் முழுக்க நினைத்திருந்தாள். முந்தானையிலிருந்து கையை எடுத்துப் படத்தின் பக்கத்தில் வைத்தாள். விரலுக்கு விரல் ஒத்துப்போனது.

"இருந்துட்டுப் போகட்டும் முதலாளி. சுண்டுவிரல்தான் கொஞ்சம் கோணிப் போச்சு" என்றவள், அன்பரசனிடம் திரும்பினாள். "முன்னாடியே சொல்லியிருந்தா நேரா வச்சிருப்பேன்ல?"