இடது பக்கம் இழுத்த கார்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவன். ஹாஸ்டலில் எவனாவது பேய்க்கதை ஆரம்பித்தால் "அதோட எடை எவ்ளோ மச்சான்?" என்று கேட்டு எல்லார் பயத்தையும் கெடுத்தவன் நான்தான். நீங்களும் என்னிடம் அப்படி எதையாவது கேட்பீர்கள், தெரியும். கேளுங்கள், ஆனால் சொல்லி முடித்த பிறகு கேளுங்கள். நடந்தது ராத்திரிகூட இல்லை. சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணி, பூந்தமல்லி வெயில், மெட்ரோ வேலை நடக்கிற தூசி.

கார் பழசு. பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்றே குத்தம்பாக்கத்தில் வசந்தா அக்காவிடம் வாங்கினேன். அவர் கணவர் அந்த காரில்தான் ஏரிக்கரை வளைவில் புளியமரத்தில் மோதி இறந்திருந்தார். கணவரின் தம்பி டிங்கரிங் பார்த்து நிமிர்த்தி வைத்திருந்தார். அக்கா எதையும் மறைக்கவில்லை.

"ஸ்டியரிங்கு கல்லு மாதிரி ஆவுதுன்னு சொல்லிகினே இருந்தாரு தம்பி. மெக்கானிக்கு சரி பண்ட்டேன்னு குடுத்தான். மறுநாளே இப்டி. குடிச்சிட்டு ஓட்னாருன்னு ஊரே பேசிச்சு. சாவு ஊட்லயே பேசுனாங்க. மோரத் தவிர எதயும் தொடாத மனுசன்."

எந்த மெக்கானிக் என்று நான் கேட்கவில்லை. அதுதான் என் தப்பு.

எனக்கு வேலை திருமழிசை எஸ்டேட்டில், வீடு பருத்திப்பட்டில். தினமும் பூந்தமல்லி வழியாகத்தான் திரும்ப வேண்டும். இரண்டாம் நாளே ஸ்டியரிங் இடது பக்கம் இழுத்தது. எனக்கு ஒரே குஷி, கோளாறு கிடைத்துவிட்டதே! டயரில் காற்று பார்த்தேன், அலைன்மென்ட் பார்த்தேன், பவர் ஸ்டியரிங் பம்ப்பின் பெல்ட்டைப் பார்த்தேன், ஆயிலை மாற்றினேன், முன்சக்கரங்களைத் தூக்கி வைத்து இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பித் திருப்பி உள்ளே இருந்த காற்றை எடுத்தேன். எல்லாம் சுத்தம். ஆவடியில் இழுக்கவில்லை, அம்பத்தூரில் இழுக்கவில்லை. பூந்தமல்லி டிரங்க் ரோட்டில், ஒரு குறிப்பிட்ட மெட்ரோ தூண் பக்கத்தில் மட்டும் இழுத்தது. நோட்டில் குறித்து வைத்தேன். ஐந்து நாள், ஐந்து தடவை, அதே தூண்.

சனிக்கிழமை அரை நாள் வேலை. அந்தத் தூண் வந்ததும், சரி, எங்கேதான் போகிறதென்று பார்ப்போமே என்று வேகத்தைக் குறைத்துப் பிடியைத் தளர்த்தினேன். சத்தியமாகச் சொல்கிறேன், கார் பக்கத்துச் சந்தில் திரும்பி, ஒரு ஒர்க்‌ஷாப் வாசலில் போய் நின்றது. நான் பிரேக்கில் கால் வைத்தது மட்டும்தான்.

குமார் அண்ணன் என்று ஒருவர், நாற்பது வயதிருக்கும், கையைத் துடைத்தபடி சிரித்துக்கொண்டே வந்தார். "இன்னா நைனா, ஸ்டியரிங்கா?" என்றவர் நம்பர் பிளேட்டைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"இந்த வண்டிய எங்க புட்ச்ச?"

சொன்னேன்.

"அந்தாளு தண்ணி போட்டுகினு ஓட்னான்பா. வண்டி மேல ஒண்ணும் கொற கெடையாது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்ணா?"

"ஊரே சொல்லிச்சே!"

எதிர் டீக்கடையில் இருந்த ஒருவர், "மொதல்ல சொன்னது நீதானே அண்ணாத்தே" என்று கிண்டலாகக் குரல் கொடுத்தார். குமார் அண்ணன் அவசரமாக ஜாக்கியை இழுத்து வந்தார். இடது முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினார். பயம் இருந்திருக்க வேண்டும், "சாவிய எட்து பாக்கெட்ல போட்டுக்க, ஸ்டியரிங் லாக் ஆயிக்கட்டும்" என்றார். எடுத்தேன். சக்கரம் நேராக, ஸ்டியரிங் லாக் விழுந்து கிடந்தது. இன்ஜின் அணைந்திருந்தது. நான் வெளியே நின்றேன். டயருக்குப் பின்னால் வலது கையை விட்டு உள்ளே ஏதாவது ஆடுகிறதா என்று பார்க்கப் போனார்.

காருக்குள் ஸ்டியரிங் மெதுவாக இடது பக்கம் திரும்பியது. கண்ணாடி வழியாக என் கண்ணால் பார்த்தேன். அவசரமே இல்லாமல், வளைவில் நிதானமாகத் திருப்புகிற டிரைவர் மாதிரி. டயரின் பின்பக்கம் உள்ளே நகர்ந்து அவர் மணிக்கட்டைக் காரின் பாடியோடு சேர்த்து அழுத்தியது.

"டேய், திருப்பாதடா! நிறுத்துடா!"

கதவைத் திறந்து பாய்ந்து இரண்டு கையாலும் வலப்பக்கம் இழுத்தேன். அசையவில்லை. நான் ஓர் அங்குலம் இழுத்தால் அது ஓர் அங்குலம் திருப்பி வாங்கிக்கொண்டது. எதிர்ப்பக்கம் ஒரு ஆள் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி. கீழே குமார் அண்ணன் கதறினார்.

"வுட்ருண்ணா! நான்தாண்ணா! ஓஸ் வெடிச்சிருந்திச்சு, வேற மாத்தாம பழைய டியூப்ப சுத்தி கிளிப் போட்டு அனுப்பிட்டேன்! நீ குடிக்கலண்ணா, நீ குடிச்சிட்டு ஓட்னேன்னு நான்தான் சொல்லி வுட்டேன்!"

டீக்கடையே எழுந்து நின்று கேட்டது. பவர் ஸ்டியரிங்குக்கு ஆயில் அழுத்தத்தைக் கொண்டுபோகிற ரப்பர் குழாய் அது. வளைவில் பிய்ந்துகொண்டால் ஸ்டியரிங் கல்லாகிவிடும். எனக்கு அந்த மோர் குடிக்கிற மனிதர் ஞாபகம் வந்தார். இதை யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடம் சொல்கிறேன். நான் கையை எடுத்துவிட்டேன்.

ஒப்புக்கொண்டால் விட்டுவிடும் என்றுதானே நினைப்பீர்கள்? இன்னொரு முறை அழுத்தியது. காய்ந்த குச்சி ஒடிகிற சத்தம் கேட்டது. அதன் பிறகுதான் சக்கரம் தானாக நேராகியது. உள்ளே கையை வைத்துப் பார்த்தேன். ஸ்டியரிங் லாக் விழுந்தபடியே இருந்தது, உடையவில்லை. இந்தப் பக்கமும் திரும்பவில்லை, அந்தப் பக்கமும் திரும்பவில்லை.

அவரை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நான்தான் திருப்பினேன் என்று இன்றுவரை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். நான் மறுக்கவில்லை. மறுத்து என்ன சொல்வேன்?

மறுநாள் காலை அதே காரில் குத்தம்பாக்கம் போனேன். ஸ்டியரிங் வெண்ணெய் மாதிரி ஓடியது. வாசலில் நின்றபடியே, கை ஒடிந்ததை விட்டுவிட்டு, மற்றதைச் சொன்னேன். "அண்ணன் குடிக்கலன்னு அந்த மெக்கானிக்கே கத்திட்டான் அக்கா. டீக்கடை மொத்தமும் கேட்டுச்சு. ஊர்ல இனிமே யாரும் பேச மாட்டாங்க."

அக்கா அழுவார் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை. காரின் பானெட்டில் உள்ளங்கையை வைத்தார். பிறகு என்னைப் பார்க்காமல், அதனிடம் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"ஒரு கைதானா?"

திரும்பி வரும்போது, அந்தத் தூண் பக்கத்தில், ஸ்டியரிங் இடது பக்கம் இழுத்தது.